தமிழ்99 பழகும்போது வேகம் குறைகிறதா?

வணக்கம். ஐந்து நாள் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையில் தட்டச்சு பழகியும் ஒரு பத்தி அடிக்க அரை மணி நேரம் ஆகிறது, பழையபடி 'ammaa' என்று ஆங்கில எழுத்தில் அடித்து 'அம்மா' வரவைக்கும் பாணிக்கே திரும்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து திரும்பாதீர்கள். நானும் முதல் இரண்டு வாரம் இப்படித்தான் தவித்தேன்.

விசைப்பலகைப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடிப்பதாகச் சொல்கிறீர்களே, தடங்கல் அங்கேதான். கண் தேடும்வரை விரல் கற்காது. உயிரெழுத்துகள் இடது கையில், மெய்கள் பெரும்பாலும் வலது கையில். இப்போதைக்கு நடு வரிசை மட்டும் போதும்: இடப்பக்கம் அ, இ, உ, எ, வலப்பக்கம் க, ப, ம, த, ந. படத்தை மூடிவிட்டு 'தம்பி' அடித்துப் பாருங்கள். த, ம, ப, இ, நாலே தட்டு. ம மேல் புள்ளி தானாக விழும். உப்பு, பந்து எல்லாம் இதே நாலு தட்டுதான். அந்தப் புள்ளி தானாக விழுவதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மகிழ்ச்சி.

அலுவலக வேலையைச் சில நாள் பழைய முறையிலேயே முடியுங்கள், அவசரத்தில் பழகினால் எரிச்சல்தான் மிஞ்சும். காலையில் 20 நிமிடம் இதற்கு. ஷ, ஜ எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு வாரம் கழித்து, கண்ணை மூடிக்கொண்டு 'தம்பி' வருகிறதா என்று இங்கேயே எழுதுங்கள். மேல் வரிசையை அப்போது சொல்கிறேன்.