பில்லில் வராத சாஃப்ட்வேர்

கேள்வி: அவிநாசி பக்கம் சின்னதா ஜாப் ஒர்க் யூனிட் வச்சிருக்கேனுங்க. போன வருசம் கோயமுத்தூர்ல ஒரு கடையில அசெம்பிள் பண்ணுன கம்ப்யூட்டர் வாங்கினேன். விண்டோஸ், கணக்கு சாஃப்ட்வேர், டிசைன் சாஃப்ட்வேர் எல்லாமே காசு வாங்காம போட்டுக் கொடுத்தாங்க. இப்ப பிரவுசரைத் திறந்தா நான் வைக்காத ஏதோ தேடுற பக்கம் வருது. பையர் ஒருத்தரு போன் போட்டு, “உங்க மெயில்ல இருந்து புது பேங்க் அக்கவுண்ட் நம்பர் வந்திருக்கே”ன்னாரு. நான் அனுப்பவே இல்லீங்க. நல்ல ஆன்டிவைரஸா வாங்கிப் போட்டா சரியாயிருமா? கடைக்காரர்கிட்ட நஷ்டஈடு கேக்கலாமா?

பதில்: ஆன்டிவைரஸ் பிறகு இருக்கட்டும். முதலில் உங்கள் பையர்கள் எல்லோருக்கும் இன்றைக்கே போன் செய்து, அக்கவுண்ட் மாறவில்லை என்று சொல்லுங்கள். மெயிலில் சொன்னால் போதாது. அந்த மெயிலை இன்னொருவரும் படித்துக்கொண்டிருக்கிறார்.

பிறகு அந்தக் கம்ப்யூட்டரின் நெட்டைத் துண்டியுங்கள். உங்கள் மொபைலிலோ வேறு நல்ல கம்ப்யூட்டரிலோ மெயில் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்துங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இன்றைய உளவு மென்பொருள்கள் பாஸ்வேர்டோடு, பிரவுசர் வைத்திருக்கும் குக்கீயையும் (நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்தவர் என்று காட்டும் அடையாளச் சீட்டு) எடுத்துப் போகும். அது கையில் இருந்தால் பாஸ்வேர்டோ ஓடிபியோ இல்லாமலே உங்கள் மெயிலுக்குள் நுழையலாம். மெயில் செட்டிங்கில் உங்கள் மெயில்களின் நகலை வாங்கிக்கொள்ளும், உங்களுக்குத் தெரியாத ஃபார்வர்டு முகவரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எப்படி வந்தது? தொலைவிலிருந்து நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் என் முதல் சந்தேகம் அந்த ‘காசு வாங்காத’ சாஃப்ட்வேர்கள் மேல்தான். கிராக் செய்த, அதாவது காசு கட்டாமல் ஓடும்படி பூட்டை உடைத்த சாஃப்ட்வேரைப் போடும்போது ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும். அணைத்த பிறகு உள்ளே போவது என்னவென்று போட்டுக் கொடுப்பவருக்கே தெரியாது. திருட்டுச் சாவி வாங்கி வீட்டைப் பூட்டுவது மாதிரிதான் இது. விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ என்ற, சோதிக்காமல் விட வேண்டியவற்றின் பட்டியலைத் திறந்து பாருங்கள். அதில் சி டிரைவ் முழுவதும் இருந்தால், காவலாளியிடம் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இன்னொரு வழி உங்கள் தொழிலுக்கே உரியது. ‘பர்ச்சேஸ் ஆர்டர்’, ‘இன்வாய்ஸ்’ என்ற பெயரில் மெயிலோடு வரும் ஃபைல், பிடிஎஃப் படம் போட்டிருக்கும்; உள்ளே இருப்பது புரோகிராம். 2014 முதல் சுற்றிவரும் ஏஜென்ட் டெஸ்லா என்ற உளவு மென்பொருள் இப்படித்தான் பரவுகிறது. நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பதிவு செய்து, திரையையும் படம் பிடித்து அனுப்பும். எந்த வகை ஃபைல் என்று சொல்லும், ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை விண்டோஸ் மறைத்தே காட்டும். அதைக் காட்டும்படி மாற்றி வையுங்கள்.

இந்த நிலையில் ஆன்டிவைரஸுக்குச் செலவு செய்ய வேண்டாம் என்பேன். ஃபைல்களை மட்டும் நகலெடுத்துவிட்டு, டிஸ்கை அழித்து, காசு கொடுத்து வாங்கிய விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். அதோடு வரும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் உங்கள் யூனிட்டுக்குப் போதும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, அதனால் 11 போடுங்கள். படம் வரைய கிம்ப், இங்க்ஸ்கேப் இரண்டும் நிஜமாகவே இலவசம்.

கடைக்காரர் விஷயம் கடினம். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் வாங்கியதை 2019 நுகர்வோர் சட்டம் வணிகக் கொள்முதலாகப் பார்ப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து கேட்கலாம். ஆனால் சாஃப்ட்வேர் எதுவும் பில்லில் இருக்காதே! அடுத்த முறை விண்டோஸ் தனி வரியாக பில்லில் வராவிட்டால் வாங்காதீர்கள்.

கேள்வி: மஞ்சள் விலை பாக்கப் போன பக்கத்துல, ரோபோ இல்லைன்னு காட்ட விண்டோஸ் கீயும் ஆர் கீயும் அழுத்தி, பேஸ்ட் பண்ணி என்டர் தட்டச் சொல்லுச்சு. தட்டிட்டேனுங்க. பயமா இருக்கு. — ஈரோடு வாசகி

பதில்: பயப்பட வேண்டியதுதான், ஆனால் நேரம் இருக்கிறது. நீங்கள் பேஸ்ட் செய்தது, அந்தப் பக்கமே நகலெடுத்து வைத்த ஒரு கட்டளை. உளவு மென்பொருளை இறக்கச் சொல்லும். எந்த உண்மையான பக்கமும் அப்படிக் கேட்காது. நெட்டை நிறுத்துங்கள், டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை மொபைலில் மாற்றுங்கள். வங்கிக்கும் இன்றே சொல்லிவிடுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, உங்கள் கவனக்குறைவால் பணம் போனாலும், நீங்கள் தகவல் சொன்ன பிறகு ஏற்படும் இழப்பு வங்கியைச் சேரும். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.