தவறான தண்டனை, இழப்பீடு – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களுக்கு அரசு இழப்பீடு தரவேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். சாட்சிகள் பிறழ்ந்ததால் சந்தேகத்தின் பலனில் வெளியே வருகிறவர்களுக்கும் மக்கள் வரிப்பணத்தைக் கொடுப்பதா? காவல்துறை வேண்டுமென்றே பொய் வழக்குப் போட்டது நிரூபணமானால் மட்டும் கொடுத்தால் போதாதா?

கி., பெரம்பூர், சென்னை

அன்புள்ள கி.,

நீங்கள் சொல்வது ஏறத்தாழ சட்ட ஆணையம் 2018-இல் தனது 277-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்த அளவுகோல்தான். தீய நோக்கத்துடனோ நல்லெண்ணமின்றியோ தொடுக்கப்பட்ட வழக்குகளுக்கே அது இழப்பீடு கோருகிறது. எனக்கு அது போதாது. சுருளி அருவிப் பகுதியில் 2011-இல் இருவர் கொல்லப்பட்ட வழக்கில் மரண தண்டனை பெற்றவரை 2025 ஜூலையில் விடுவித்த உச்ச நீதிமன்றம், டிஎன்ஏ மாதிரிகளைக் கையாண்டதில் இருந்த குறைகளைச் சுட்டிக்காட்டியது. இத்தகையோருக்கான இழப்பீட்டைச் சட்டமியற்றுபவர்கள்தான் பரிசீலிக்க வேண்டும் என்றும் கூறியது. மாதிரியை அலட்சியமாகக் கையாண்டதில் தீய நோக்கம் இருந்ததென்று சிறையிலிருந்து வந்தவர் எப்படி நிரூபிப்பார்? மெட்ரோ ரயிலுக்காக நம் ஊரில் ஒருவரது வீட்டை எடுக்கும்போது, அதிகாரி கெட்ட எண்ணத்துடன் எடுத்தாரா என்று விசாரித்துவிட்டா பணம் கொடுக்கிறோம்?

சட்டம் இல்லாத நிலையில் எல்லாம் ரிட் மனுவையும் (அடிப்படை உரிமை பறிபோனதென்று உயர் நீதிமன்றத்திலோ உச்ச நீதிமன்றத்திலோ நேரடியாகத் தொடுக்கும் மனு) அதைக் கேட்கும் அமர்வையும் பொறுத்ததாகிவிடுகிறது. 1968-இல் விடுதலைத் தீர்ப்பு வந்த பிறகும் பீகார் சிறையில் 14 ஆண்டுகள் அடைத்துவைக்கப்பட்ட ருதுல் ஷாவுக்கு 1983-இல் கிடைத்தது மொத்தம் 35,000 ரூபாய். கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு ஏழு ரூபாய்கூடத் தேறாது. பொய்யான உளவு வழக்கில் சிக்கவைக்கப்பட்ட இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு 2018-இல் 50 லட்சம் வழங்கப்பட்டது (அது அவருக்குக் குறைவு என்றே நினைக்கிறேன்). ஆனால், குஜராத்தின் அக்‌ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில் தூக்குத் தண்டனை உட்பட அனைத்தும் 2014-இல் ரத்தாகி வெளியே வந்தவர்கள் இழப்பீடு கேட்டபோது, அதே உச்ச நீதிமன்றம் 2016-இல் மறுத்துவிட்டது.

ஜப்பானில் விடுதலையானவர் காவலில் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் 12,500 யென் வரை பெறலாம் என்று சட்டமே சொல்கிறது. யார் மீது பிழை என்று அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. விசாரணையைத் திசைதிருப்பப் பொய் வாக்குமூலம் கொடுத்தவருக்குக் குறைக்கவோ மறுக்கவோ அங்கே இடமுண்டு. சாட்சிகள் பிறழ்வது குறித்த உங்கள் கவலை நியாயமானது. சாட்சியைக் கலைத்தவருக்கு இழப்பீடு இல்லை என்று நாமும் ஒரு விதி சேர்த்துக்கொள்ளலாம். கலைத்தார் என்பதை நிரூபிக்க வேண்டியது மட்டும் அரசாக இருக்கட்டும்.