அப்பாவைக் குதிரையில் ஏற்றலாமா?

கேள்வி: எங்கள் அப்பா ராணுவத்தில் லாரி ஓட்டி, சுபேதாராக ஓய்வு பெற்றவர். வருஷ திதிக்குள் அவரை ஆளுயர ஆயில் பெயின்டிங்காக வரைந்து கூடத்தில் மாட்ட ஆசை. நெப்போலியன் படம் மாதிரி, முன்னங்கால் தூக்கிய வெள்ளைக் குதிரைமேல் இருக்க வேண்டும் என்கிறார் அண்ணன். அம்மாவோ, "அந்த மனுஷன் குதிரை வண்டியில்கூட ஏறினதில்லை" என்கிறார். என்ன செய்ய?
- வாசகி, கம்மவான்பேட்டை, வேலூர் மாவட்டம்

பதில்: நான் அம்மா கட்சி.

அண்ணன் ஆசைப்படுவது நெப்போலியன் ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் படம். அதன் கதையை அவருக்குச் சொல்லுங்கள். 1800-ல் ஸ்பெயின் அரசர் நான்காம் கார்லோஸ், பிரான்சோடு உறவு கெடக் கூடாதே என்று ஓவியர் தாவீதிடம் அதற்கு ஆர்டர் கொடுத்தார். நெப்போலியன் போஸ் கொடுக்கவே மறுத்துவிட்டார். பெரிய மனிதர் படத்தில் முகச்சாயலையா பார்ப்பார்கள் என்பது அவர் வாதம். மரெங்கோ போரில் போட்டிருந்த சீருடையும் தொப்பியும் மட்டும் வந்து சேர்ந்தன. ஓவியர் தன் மகனை ஏணிமேல் உட்காரவைத்து வரைந்து முடித்தார். உண்மையில் நெப்போலியன் ஆல்ப்ஸைக் கடந்தது கோவேறு கழுதைமேல், அதுவும் படை முன்னே போன பிறகு. (இத்தனை செய்த கார்லோஸை 1808-ல் பதவியிலிருந்து இறக்கியதும் இதே நெப்போலியன்தான். செலவு செய்தும் பிரயோஜனமில்லை, பாவம்.)

அரசருக்கு அரசியல் இருந்தது. உங்கள் வீட்டில் அந்தப் படத்துக்கு எதிரே தினமும் உட்காரப் போகிறவர் அம்மா.

குதிரையைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது சீருடையை. பழைய போட்டோவைக் கம்ப்யூட்டரில் இடம் வலமாகத் திருப்பிவிட்டால் பதக்கங்கள் வலது மார்புக்குப் போய்விடும். இருக்க வேண்டியது இடது மார்பில். தோளில் சுபேதாருக்கு இரண்டு நட்சத்திரமும் ஒரு பட்டையும்தான். ஓவியர் தாராள மனசோடு மூன்றாவதைச் சேர்த்துவிடப் போகிறார். உங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ராணுவக்காரர்கள். திதிக்கு வருகிறவர்கள் இலையில் உட்காருமுன் நட்சத்திரத்தைத்தான் எண்ணுவார்கள்!

அண்ணனுக்கு மனசு ஆறவில்லையா? அப்பா ஓட்டிய லாரியைப் பின்னால் நிறுத்தி வரையச் சொல்லுங்கள். நம்பர் பிளேட்டில் ராணுவ வண்டிக்குரிய அம்புக்குறி மேல்நோக்கி இருக்கட்டும். அப்புறம், பெயின்டைத் தொடுவதற்கு முன் பென்சில் ஸ்கெட்சை வாங்கி அம்மாவிடம் காட்டுங்கள். அவர் சரி என்ற பிறகு மீதி அட்வான்ஸைக் கொடுத்தால் போதும்.