உங்களுக்கு மிகவும் பிடித்த பாப் மெல்லிசைப் பாடல் எது? அதன் வரிகளிலும் இசையிலும் அப்படி என்ன இருக்கிறது?

பீட்டில்ஸ் குழுவின் ‘யெஸ்டர்டே’. 1965-இல் வந்த பாட்டு. உலகத்திலேயே அதிகம் பேர் மறுபடி பாடிப் பதிவு செய்த பாடல்களில் ஒன்று. கின்னஸ் புத்தகத்திலும் அதற்காக இடம் பெற்றது. ஊருக்கே தெரிந்த பாட்டுதானே என்று பலர் இதை உற்றுக் கேட்காமலே கடந்து போய்விடுகிறார்கள். எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு. இரண்டு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாக ஓடும் இந்தச் சின்னப் பாட்டுக்குள் அவ்வளவு நுட்பம் இருக்கிறது.

அதை நான் கண்டுகொண்டது ஒரு பிழையின் வழியாக. கிட்டார் பழகிக்கொண்டிருந்த நாட்களில் நான் வாசிப்பேன், தங்கை பாடுவாள். முதல் சரணம் ஒழுங்காகப் போகும். இரண்டாவது சரணத்துக்குள் நுழையும்போது இருவரும் பிரிந்துவிடுவோம். அவள் பாடத் தொடங்கியிருப்பாள், நான் இன்னும் முந்தைய இடத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். “நீதான் தாமதம்” என்பாள். “நீதான் அவசரப்படுகிறாய்” என்பேன். கடைசியில் அசல் பதிவைப் போட்டு, விரல் மடக்கி எண்ணினோம். நான்கு எண்ணிக்கைக்கு ஒரு பார் என்று கணக்கு. ஒன்று, இரண்டு, மூன்று… ஏழு வந்ததும் அடுத்த சரணம் தொடங்கிவிட்டது. மறுபடியும் எண்ணினோம். மறுபடியும் ஏழு.

பாப் இசையில் இது சாதாரணம் இல்லை. நான்கு, எட்டு, பதினாறு என்று இரட்டைக் கணக்கில்தான் பெரும்பாலான பாடல்கள் நடக்கும். நம் காதும் எட்டாவது பாரை எதிர்பார்த்தே பழகியிருக்கிறது; என் கை தானாக அதைச் சேர்த்துக்கொண்டது அதனால்தான். எந்த இடத்தில் அந்த ஒரு பார் குறைகிறது என்று பார்த்தால் இன்னும் சுவாரஸ்யம். சரணத்தின் பின்பகுதி மூன்று வரிகளாகப் பிரிகிறது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பார். தொடக்கத்தில் தனியாக நிற்கும் ‘யெஸ்டர்டே’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு மட்டும் ஒரே பார். முறைப்படி அதற்கும் இரண்டு கிடைத்திருக்க வேண்டும். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுச் சற்று நின்று மூச்சு விட்டிருக்கலாம். பாட்டு அதற்கு இடம் தருவதில்லை. ‘நேற்று’ என்று சொன்ன மறுகணமே கவலைகள் வந்து நெருக்கிவிடுகின்றன. பாடுகிறவனுக்கு நேற்று பறிபோய்விட்டது என்று வரிகள் சொல்கின்றன. தாளக்கட்டில் நேற்றுக்கு உரிய ஒரு பாரே பறிபோயிருக்கிறது. பாட்டை எழுதிப் பாடிய பால் மெக்கார்ட்னி இதைத் திட்டமிட்டுச் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. மெட்டு தனக்குக் கனவில் கிடைத்தது என்றுதான் அவர் எப்போதும் சொல்லி வந்திருக்கிறார். ஆனால் எட்டாவது பாரைச் சேர்த்து ஒருமுறை பாடிப் பாருங்கள். பாட்டு வசதியாக உட்கார்ந்துவிடும். அதன் தவிப்பு போய்விடும்.

இனி மெட்டு. கர்நாடக இசை ஓரளவு தெரிந்தவர்களுக்காக ஸ்வரத்தில் எழுதுகிறேன். பாட்டு எஃப் மேஜரில் ஒலிக்கிறது. எஃபை ஸட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் சொல்: ரி ச ச. அவ்வளவுதான். ரிஷபத்தில் தொட்டு ஸட்ஜத்தில் இறங்குகிறது, பெருமூச்சு இறங்குவதுபோல. அடுத்த வரியில் மெட்டு ஏறத் தொடங்குகிறது: காந்தாரம், பிரதி மத்யமம், அங்கிருந்து பஞ்சமத்தை விட்டுவிட்டுச் சுத்த தைவதம், சதுஸ்ருதி தைவதம், நிஷாதம், மேல் ஸட்ஜம். ஒரே மூச்சில் ஏறி, உச்சியில் நிற்காமல் சற்று இறங்கிச் சதுஸ்ருதி தைவதத்தில் நிற்கிறது. கவலைகள் எல்லாம் எங்கோ தொலைவில் இருந்தன என்று சொல்லும் வரி இது. மெட்டும் அந்தத் தொலைவை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறது. அதற்கடுத்த வரியில், அந்தக் கவலைகள் இங்கேயே தங்கிவிட வந்ததுபோல் தெரிகிறது என்கிறான். இப்போது இறக்கம்: தைவதம், பஞ்சமம், சுத்த மத்யமம், காந்தாரம், ரிஷபம். ஏறும்போது இல்லாத பஞ்சமம் இறங்கும்போது இருக்கிறது. ஏறும்போது பிரதி மத்யமம், இறங்கும்போது சுத்த மத்யமம். ஆரோகணமும் அவரோகணமும் வெவ்வேறு!

மேற்கத்திய இசையில் இதற்கு மெலடிக் மைனர் என்று பெயர். பாட்டு மேஜரில் தொடங்கி, இரண்டாவது பாரிலேயே அதன் உறவான டி மைனருக்கு நழுவுகிறது. அந்த மைனர் அளவுகோலில் ஏறுவதற்கு ஒரு வழி, இறங்குவதற்கு வேறு வழி. நேற்றைய நிலைக்கு ஏறிப் போன பாதை ஒன்று, இன்றைக்குத் திரும்பி வரும் பாதை வேறொன்று. முதன்முதலில் ஸ்வரங்களைத் தாளில் எழுதிப் பார்த்தபோது, இதைக் கண்டு வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. சரணம் முடிவதும் அதே சொல்லில்தான். ஆனால் அப்போது அது ரி ச ச என்று இறங்குவதில்லை. ச க க என்று ஏறுகிறது. ஸட்ஜத்தில் முடியாமல் காந்தாரத்தில் நிற்கிறது. வந்தபோது பெருமூச்சாக வந்த சொல், போகும்போது விருப்பமாக, கெஞ்சலாகப் போகிறது. அந்த வரி சொல்வதும் அதுவே: நான் நேற்றை நம்புகிறேன் என்கிறான். அதே நேரத்தில் கீழே கிட்டாரின் கார்டுகளை, அதாவது ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளைக் கவனியுங்கள். ஜி மேஜர், பி ஃபிளாட், எஃப். அவற்றின் உள்ளே ஒரு ஸ்வரம் அரை அரை அடியாக இறங்குகிறது: பிரதி மத்யமம், சுத்த மத்யமம், காந்தாரம். குரல் ஏறும்போது அடித்தளம் சரிகிறது. நம்புகிறேன் என்று சொல்கிற வாயை நெஞ்சு நம்பவில்லை.

வரிகளைப் பொறுத்தவரை, இதில் உவமை மிகக் குறைவு. காதல் ஒரு சுலபமான விளையாட்டாக இருந்தது, என் மீது ஒரு நிழல் தொங்குகிறது, முன்பிருந்த மனிதனில் நான் பாதிகூட இல்லை. ஏறக்குறைய அவ்வளவுதான். சொற்களும் பெரும்பாலும் ஓரசை, ஈரசைச் சொற்கள். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவருக்கும் புரியும். மெட்டு கிடைத்தபோது மெக்கார்ட்னியிடம் வரிகள் இல்லை. இடத்தை நிரப்புவதற்காக ‘ஸ்க்ராம்பிள்டு எக்ஸ்’, அதாவது முட்டைப் பொரியல் என்று போட்டுப் பாடிக்கொண்டிருந்தார். இது வேறு யாருடைய மெட்டோ என்ற சந்தேகத்தில், பார்ப்பவர்களிடம் எல்லாம் இதைக் கேட்டிருக்கிறீர்களா என்று விசாரித்தார். 1965 மே மாதம் போர்ச்சுகலில் ஒரு நீண்ட கார் பயணத்தில்தான் அசல் சொற்கள் வந்து சேர்ந்தன. மெட்டு மூன்று அசை கொண்ட ஒரு சொல்லைக் கேட்டது. யெஸ்-டர்-டே. அடுத்த சரணத்துக்கு ‘சடன்லி’, திடீரென்று. நேற்று, திடீரென்று, நேற்று. இந்த மூன்று தொடக்கச் சொற்களை மட்டும் வைத்தே கதையைச் சொல்லிவிடலாம்.

நடுப்பகுதியில்தான் ‘அவள்’ வருகிறாள். அவள் ஏன் போனாள், எனக்குத் தெரியாது, அவள் சொல்லவில்லை. நான் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டேன். என்ன சொன்னான்? பாட்டு கடைசிவரை சொல்வதில்லை. பெயர் இல்லை, இடம் இல்லை, சண்டை எதைப் பற்றி என்பது இல்லை. கேட்பவர் ஒவ்வொருவரும் தாம் சொல்லியிருக்கக் கூடாத ஒரு வாக்கியத்தை அந்த இடத்தில் வைத்துக்கொள்ள முடிகிறது. எனக்கும் அப்படி ஒரு வாக்கியம் உண்டு. தாளக்கட்டைப் பொறுத்தவரை இந்தப் பகுதி மட்டும் சரியாக எட்டு பார். ஏன் என்று கேட்கும்போதுதான் அவனுக்கு முழு மூச்சு கிடைக்கிறது. முதல் சொற்களே நீட்டி ஒலிக்கின்றன, பதிலுக்குக் காத்திருப்பதுபோல.

மெக்கார்ட்னியின் தாய் மேரி 1956-இல் இறந்தார். அப்போது அவருக்கு வயது 14. இந்த வரிகளுக்குள் அந்த இழப்பும் இருந்திருக்கலாம் என்று பிற்காலத்தில் அவரே பேசியிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு ‘அவள் ஏன் போனாள்’ என்பதைப் பழையபடி கேட்க முடியவில்லை. இருந்தாலும் இது தாயைப் பற்றிய பாட்டுதான் என்று முடிவு கட்டுவதை நான் ஏற்கவில்லை. 22 வயதில் எழுதும்போது அவருக்கே தெரியாமல் இருந்த ஒன்றை நாம் அடித்துச் சொல்ல வேண்டியதில்லை.

பதிவு 1965 ஜூன் 14 அன்று லண்டனில் நடந்தது. குழுவின் மற்ற மூவரும் இதில் இல்லை. ஒரு கிட்டார், ஒரு குரல். கிட்டாரின் தந்திகளை ஒரு முழு ஸ்வரம் இறக்கிக் கட்டி, ஜி மேஜரின் விரலமைப்பில் வாசித்தார். அதனால்தான் எஃபில் ஒலிக்கிறது. நீங்களும் அப்படியே இறக்கிக் கட்டி வாசியுங்கள், அந்தத் தளர்ந்த தந்தியின் கனம் அப்போதுதான் வரும். மூன்று நாள் கழித்துத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் ஏற்பாட்டில் இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ சேர்ந்தன. நரம்பிசை சேர்த்தால் பாட்டு இனித்து வழிந்துவிடுமோ என்று மெக்கார்ட்னி தயங்கினார். கலைஞர்கள் விரலை அசைத்து நாதத்தை நடுங்கவைக்காமல் நேராக இழுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அந்த வரட்சிதான் இந்தப் பதிவைக் காப்பாற்றியது என்பது என் எண்ணம். பின்னால் வந்த எத்தனையோ பதிவுகளில் வயலின்கள் அழுகின்றன. இதில் அழவில்லை.

இந்த நரம்பிசைக் கலைஞர்கள் நால்வரும் முதல் சரணத்தில் வருவதே இல்லை. ‘திடீரென்று’ என்ற சொல்லோடுதான் நுழைகிறார்கள். நடுப்பகுதி இரண்டாவது முறை வரும்போது செல்லோவை மட்டும் பின்தொடருங்கள். அவள் சொல்லவில்லை என்ற வரி முடியும் இடத்தில் அது ஒரு கைசிகி நிஷாதத்தைத் தொடுகிறது. அந்த மெட்டுக்குள் அடங்காத ஸ்வரம், ப்ளூஸ் இசையிலிருந்து வந்து உட்கார்ந்ததுபோல. ஒரே ஒரு தடவைதான். கடைசிச் சரணத்தில் முதல் வயலின் உச்சியில் ஒரு காந்தாரத்தைப் பிடித்து நீண்ட கார்வையாக நிறுத்துகிறது. கீழே கார்டுகள் மாறிக்கொண்டே போகின்றன, அது அசைவதில்லை.

இறுதியில் அவன் அந்தக் கடைசி வரியின் இடத்தில் சொல் இல்லாமல் முனகுகிறான். அதே ஜி மேஜர், பி ஃபிளாட், எஃப். தங்கை இந்த இடத்தில் எப்போதும் கண்ணை மூடிக்கொள்வாள். இப்போது நாங்கள் ஏழாவது பாரில் பிரிவதில்லை.