பாய்லர் கம்பெனிகள் இனி எதை நம்பி ஓடும்?

கேள்வி: கப்பலூரில் சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். திருச்சி பக்கத்திலிருந்து பாய்லர் உதிரிபாக வேலை வருகிறது. ஆனால் கமுதிப் பக்கம் போனால் சோலார், ஆண்டிபட்டிப் பக்கம் போனால் காற்றாலை. திருச்சி பெல் (பி.எச்.இ.எல்.), சீமென்ஸ் மாதிரிப் பழைய கம்பெனிகள் தாக்குப்பிடிக்குமா? அவர்களை நம்பியிருக்கும் நாங்கள்?
- வாசகர், திருமங்கலம்

பதில்: தாக்குப்பிடிப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் எல்லாரும் நினைக்கிற வழியில் அல்ல. 2020-லேயே அமெரிக்காவின் ஜி.இ.யும் (ஜெனரல் எலெக்ட்ரிக்) சீமென்ஸிலிருந்து பிரிந்த சீமென்ஸ் எனர்ஜியும் புதிய நிலக்கரி மின்நிலைய வேலைகளை விட்டு விலகுவதாகச் சொல்லிவிட்டன. சரி, காற்றாலைக்கு மாறினால் பிழைத்துவிடலாமா? சீமென்ஸ் எனர்ஜிக்கு அந்தப் பக்கம்தான் அடி விழுந்தது. 2023-ல் அதன் காற்றாலைப் பிரிவான கமேசாவின் எந்திரங்களில் தரக் கோளாறு வெளியே வந்து, ஜூன் மாதம் ஒரே நாளில் பங்கு விலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது, அந்த நிதியாண்டு நஷ்டம் சுமார் 460 கோடி யூரோ, கடைசியில் ஜெர்மன் அரசு 750 கோடி யூரோவுக்கு உத்தரவாதம் கொடுக்க வேண்டியதாயிற்று. அப்போதும் லாபம் பார்த்தது கேஸ் டர்பைனும் மின்சாரத்தைக் கடத்தும் கருவிகளும்தான்.

இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். கமுதியில் 648 மெகாவாட் சோலார் போட்டாலும் அந்த மின்சாரத்தை வெளியே கொண்டுபோக டிரான்ஸ்ஃபார்மர், பிரேக்கர், 400 கே.வி. துணைமின்நிலையம் எல்லாம் வேண்டும். அப்புறம் இன்னொன்று: அனல் நிலையத்தில் சுழலும் கனமான டர்பைனும் ஜெனரேட்டரும் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் சட்டென்று ஆடாமல் தாங்கிக்கொள்ளும், சோலார் பலகையில் சுழல எதுவும் இல்லை. அந்தக் குறையை நிரப்ப எரிபொருளே இல்லாமல் சுழலும் சிங்க்ரோனஸ் கண்டென்சர்களை வைக்கிறார்கள், அதைச் செய்யத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் ஜெனரேட்டர் செய்து பழகிய இதே கம்பெனிகள்தான். புகளூர் - ராய்கர் 800 கே.வி. நேர்மின் தடத்தின் முனைய நிலையங்களுக்கான ஆர்டரை வாங்கியதும் ஏபிபியும் பெல்லும் சேர்ந்துதான். பெல் பெங்களூரில் சோலார் பலகையும் செய்கிறது, ரயில் பெட்டி செய்யும் டிட்டாகர் கம்பெனியுடன் சேர்ந்து வந்தே பாரத் ரயில் ஆர்டரும் வாங்கியிருக்கிறது, ஆனால் பலகை விஷயத்தில் சீன விலையோடு மோதுவது கஷ்டம், அதன் பலம் கனரக வேலையில்தான் இருக்கிறது.

உங்கள் பட்டறைக்கு வருவோம். இந்தியாவில் புதிய அனல் ஆர்டர்கள் இன்னும் வருகின்றன, ஓடுகிற நிலையங்களுக்குப் பழுதுபார்ப்பு வேலையும் பல வருடம் இருக்கும், அதனால் நாளைக்கே கதவை மூடத் தேவையில்லை. ஆனால் ஒரே வாடிக்கையாளரை நம்பி இருக்காதீர்கள். உங்களிடம் ஐ.பி.ஆர். (இந்திய பாய்லர் விதிகள்) தகுதி பெற்ற வெல்டர் இருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள். எண்ணெய் கசியாத டிரான்ஸ்ஃபார்மர் டேங்க் செய்ய அந்தக் கை வேண்டும். சோலார் ஸ்டாண்ட் வேலை சுலபமாகக் கிடைக்கும், ஆனால் அதை யாரும் செய்யலாம் என்பதால் விலையை அடித்துக் குறைப்பார்கள். முதலில் டிரான்ஸ்ஃபார்மர் கம்பெனிகளின் வெண்டர் பதிவுக்கு விண்ணப்பியுங்கள்.

கேள்வி: மகள் பாலிடெக்னிக் சேர்கிறாள். சோலார் படிப்பா, இ.இ.இ.யா?
- வாசகி, மேலூர்

பதில்: இ.இ.இ. (எலெக்ட்ரிக்கல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ்) தாயி. ரிலே, புரொடெக்‌ஷன் (கோளாறு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு அமைப்பு), துணைமின்நிலைய வேலை தெரிந்தால் சோலார், காற்றாலை, அனல் மூன்றிலும் நுழையலாம்.