கேதார்காந்தாவில் கூட வந்த நாய் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜனவரியில் உத்தராகண்டின் கேதார்காந்தா மலைக்குப் போயிருந்தேன். சாங்க்ரி கிராமத்தில் கிளம்பும்போதே ஒரு கறுப்பு நாய் எங்களோடு சேர்ந்துகொண்டது. யாரும் கூப்பிடவில்லை. 12,500 அடி உச்சிவரை வந்தது. மேகமே இல்லாத வானம், நல்ல வெயில், முழங்கால் அளவு பனி. வழிகாட்டி எதிரே கைநீட்டி, அதுதான் தருமர் சொர்க்கத்துக்கு ஏறியதாகச் சொல்லப்படும் சுவர்க்காரோகிணி சிகரம் என்றபோது எனக்கு உடல் சிலிர்த்துவிட்டது. தருமரோடு கடைசிவரை போன நாய் நினைவுக்கு வந்தது. இரவில் அது கூடாரத்துக்கு வெளியே பனியிலேயே படுத்திருந்தது. அழைத்தும் உள்ளே வரவில்லை. எனக்குத் தூக்கமே இல்லை. கொண்டுபோன தின்பண்டங்களையெல்லாம் அதற்கும் கொடுத்தோம். இது என்ன பந்தம் ஐயா? அடுத்த ஆண்டு எங்கள் வீட்டு ராஜபாளையத்தையும் அழைத்துப் போகலாமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

தருமரின் நாய் அவருக்குப் பின்னால் போனது. சாங்க்ரி நாய்கள் முன்னால் ஓடும். வளைவில் நின்று, நாம் மூச்சு வாங்கி வந்து சேர்வதைப் பார்த்துவிட்டு மறுபடி ஓடும். 6,252 மீட்டர் சிகரத்துக்கு எதிரே நாயோடு நின்றால் மகாபாரதம் நினைவுக்கு வரத்தான் செய்யும். ஆனால் அந்த நாய்க்கு நீங்கள் தருமர் இல்லை. டிசம்பர் தொடங்கி ஏப்ரல்வரை அந்தப் பாதையில் ஆள் நடமாட்டம் ஓய்வதில்லை. ஆள் இருந்தால் சமையல் கூடாரம், கூடாரம் இருந்தால் ரொட்டி. உங்களை இறக்கிவிட்ட கையோடு அது வேறொரு குழுவோடு ஏறியிருக்கும். இதில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. தன் மலை, தன் சாப்பாடு என்று கணக்காக வாழும் பிராணி. மரியாதை கூடத்தான் செய்கிறது.

அது உள்ளே வராததற்காக நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். உள்ளே அதற்குப் புழுங்கும். பெரும்பாலும் பூட்டியா எனப்படும் இமயமலை மேய்ச்சல் நாயினம், அல்லது அதன் கலப்பு. மந்தைக் காவலுக்குப் போகும்போது சிறுத்தை கழுத்தைக் கவ்வாமலிருக்க இரும்பு முள்பட்டை கட்டுவார்களே, அந்த நாய்தான். வெளியே நீண்ட முரட்டு முடி, அதனடியில் நெருக்கமான மெல்லிய முடி. சுருண்டு படுத்திருக்கும்போது முதுகில் விழுந்த பனி உருகாமல் அப்படியே கிடக்கும். உடம்புச் சூடு வெளியே கசிவதில்லை. பாதத்திலோ, தமனியும் சிரைகளும் ஒட்டியே ஓடுகின்றன. இறங்கும் சூடான ரத்தம், குளிர்ந்து திரும்பும் ரத்தத்தைச் சூடாக்கி அனுப்பிவிடுகிறது.

அதன் தொல்லையெல்லாம் விரலிடுக்கில்தான். வெயிலில் இளகிய பனி அங்குள்ள முடியில் ஒட்டி, நடக்க நடக்க உருண்டு இறுகிவிடும். நாய் சட்டென்று உட்கார்ந்து, விரல்களை அகல விரித்து, முன்பற்களால் ஒவ்வொன்றாகப் பிடுங்கித் துப்பும். கூடவே நாலு முடியும் வரும். உதவி செய்கிறேன் என்று கையை நீட்டினால் உறுமும். உறுமட்டும், விட்டுவிடுங்கள்.

வெயிலை நீங்கள் இரண்டே சொல்லில் கடந்துவிட்டீர்கள். புதுப்பனி தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம்வரை திருப்பி அனுப்பும். தவிர, ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் அந்தக் கதிரின் வீச்சு சுமார் 10 சதவீதம் கூடுகிறது. மோவாய்க்கு அடியிலும் மூக்குத் துவாரத்தைச் சுற்றியும் தோல் உரிவது அதனால்தான். கறுப்புக் கண்ணாடி போடாமல் பகல் முழுக்க நடந்தவருக்கு இரவில் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் அறுக்கும். அதே வெயில் பனியின் மேற்பரப்பை உருக்க, இரவுக் குளிர் அதை இறுக்கி ஓடாக்கிவிடும். 30 கிலோ நாய் நான்கு காலில் பாரத்தைப் பரப்பி அந்த ஓட்டின் மேல் ஜோராக ஓடும். முதுகுப்பையோடு 80 கிலோ கனக்கும் ஆள் கால் வைத்தால் இடுப்புவரை உள்ளே போவார். நாயின் தடத்தை நம்பிப் பாதையை விட்டு விலகாதீர்கள்.

அடுத்து, தின்பண்டம். மலையேறுபவர் பையில் என்ன இருக்கும் என்று தெரியாதா? சாக்லேட், உலர்திராட்சை. இரண்டும் நாய்க்கு நஞ்சு. திராட்சை சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யக்கூடியது. நல்ல தீனி போட்டாலும் இன்னொரு சிக்கல் உண்டு. அந்தப் பாதை 1955இல் அறிவிக்கப்பட்ட கோவிந்த் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருக்கிறது. கஸ்தூரி மானும் மோனால் பறவையும் வாழும் காடு அது. பனி ஓட்டில் மானின் குளம்பு புதையும், நாயின் கால் புதையாது. மேலேயே வயிறு நிரம்பும் என்று கண்டுகொண்டால் நாய்கள் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். குழுக்கள் வராத நாளில் அவை எதைத் துரத்தும்? போடுவதைச் சாங்க்ரியில் அதன் வீட்டு வாசலில் போடுங்கள், மேலே ஒரு பிஸ்கட்கூட வேண்டாம். கல்நெஞ்சக்காரன் என்று திட்டிக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

ராஜபாளையத்தை அழைத்துப் போகக் கூடாது. 2005இல் நம் அஞ்சல்துறை நான்கு இந்திய நாயினங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. இமயமலை மேய்ச்சல் நாயும் ராஜபாளையமும் அந்த வரிசையில் சேர்ந்தே இருக்கின்றன. அந்தச் சகவாசம் அஞ்சல்தலையோடு நிற்கட்டும். தோலோடு ஒட்டிய குட்டை முடி, வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. குளிர் ஒரு பக்கம் வாட்டும். மேலே சொன்ன வெயில் அந்த மூக்கை வேகவைத்துவிடும். போதாக்குறைக்கு, சாங்க்ரி நாய்கள் தங்கள் தெருவில் புதியவனை வரவேற்கும் விதம் உங்களுக்கும் பிடிக்காது, அதற்கும் பிடிக்காது.