தலைப்பு மட்டும் ஏன் மாற மாட்டேன் என்கிறது?

கேள்வி: தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகள் பற்றி வேர்டில் ஒரு நூல் தட்டச்சு செய்கிறேன். கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை அணைக்கு ஓர் இயல். இயல் பெயர்களுக்கு ‘ஹெட்டிங் 1’ ஸ்டைல் (எழுத்துரு, அளவு எல்லாம் சேர்த்து வைத்த அமைப்பு). ‘நார்மல்’ ஸ்டைலில் எழுத்துருவை நிர்மலா யூஐ ஆக்கினேன். உள்ளே எல்லாம் மாறியது, தலைப்புகள் பழைய லதா எழுத்துருவிலேயே நிற்கின்றன. ஹெட்டிங்குக்கு அடிப்படை நார்மல்தானே?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அடிப்படை அதுதான். ஆனால் ஒரு ஸ்டைல், தன்னிடம் எழுதப்படாததை மட்டுமே அடிப்படையிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஹெட்டிங் 1இல் எழுத்துரு, அளவு, நிறம், மேல் இடைவெளி எல்லாம் முன்கூட்டியே எழுதியிருக்கிறது. அதனால் நார்மலில் நீங்கள் மாற்றிய எழுத்துரு அங்கே எட்டாது.

ஹோம் பட்டையில் ஹெட்டிங் 1 மேல் வலது கிளிக் செய்து மாடிஃபை, பிறகு கீழே ஃபார்மேட், ஃபாண்ட். அந்தப் பெட்டியில் எழுத்துருவுக்கு இரண்டு இடம் உண்டு: மேலே லத்தீன் எழுத்துக்கு, கீழே ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’. தமிழ் கீழ்வீட்டுக்காரர். மேலே மட்டும் மாற்றினால் தலைப்பில் உள்ள ஆங்கிலச் சொல்தான் மாறும். அளவும் போல்டும்கூட இரண்டு இடத்திலும் தனித்தனி. மேலே 16, கீழே 11 என்று இருந்தால் தமிழ் மட்டும் சூம்பிப்போய்த் தெரியும். கீழ்ப்பகுதியே காணோம் என்றால் ஃபைல், ஆப்ஷன்ஸ், லாங்வேஜ் போய் எழுதும் மொழிகளில் தமிழைச் சேர்த்து, வேர்டை மூடித் திறங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கன்னடியன் இயல் மட்டும் மசியவில்லையா? அந்தத் தலைப்பில் எப்போதோ கையால் எழுத்துரு மாற்றியிருப்பீர்கள். கைவேலை எப்போதும் ஸ்டைலுக்கு மேலே உட்காரும். தலைப்பைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+ஸ்பேஸ்பார் அடித்தால் எழுத்தின் கைவேலை போகும். கன்ட்ரோல்+க்யூ அடித்தால் பத்தி இடைவெளியின் கைவேலை போகும். முழுக் கோப்பையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+ஸ்பேஸ்பாரைத் தட்டிவிடாதீர்கள், நூல் முழுக்க நீங்கள் பார்த்துப் பார்த்துப் போட்ட சாய்வெழுத்தும் சேர்ந்து போய்விடும்.

மாடிஃபை பெட்டியில் ‘ஆட்டோமேட்டிகலி அப்டேட்’ என்று ஒன்று இருக்கும். அதில் டிக் வேண்டாம். வைத்தால், ஒரு தலைப்பில் கை வைக்கும்போது எட்டும் மாறும்.

கேள்வி: பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்பு. தலைப்புகளுக்கு ஹெட்டிங் போட்டதும் பெரும்பாலானவை ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிட்டன. ஆங்கிலத் தலைப்புகளில் அடைப்புக்குள் இருந்த தமிழ்ச் சொல் மட்டும் தப்பிவிட்டது. இதென்ன கணக்கு?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: பாதிக் கணக்கு. ஸ்டைல் போடும்போது, பத்தியில் பாதிக்கு மேல் கையால் போட்ட எழுத்துரு இருந்தால் வேர்ட் அதைத் துடைத்துவிடும். பாதிக்குக் குறைவென்றால் விட்டுவைக்கும். பாமினியில் கோப்புக்குள் கிடப்பது ஆங்கில எழுத்துகளே, தமிழாகக் காட்டுவது எழுத்துரு. எழுத்துரு போனதும் உள்ளது வெளியே தெரிந்துவிட்டது. எதுவும் அழியவில்லை. கன்ட்ரோல்+இசட் அடியுங்கள், அல்லது திரும்பவும் பாமினியைப் போடுங்கள்.

ஹெட்டிங் ஸ்டைலுக்கே பாமினியை வைத்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம், ஆங்கிலத் தலைப்புகள் கெட்டுப்போகும். முதலில் யூனிகோடுக்கு (தமிழைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் முறை) மாற்றுங்கள், அப்புறம் ஹெட்டிங் போடுங்கள். எழுத்துரு மாற்றி மென்பொருளில் கொடுக்கும்போது ஆங்கிலச் சொற்களைத் தனியே ஒதுக்குங்கள். அதற்கு ஆங்கிலம் எது, பாமினி எது என்று தெரியாது, எல்லாவற்றையும் தமிழாக்கிவிடும்.

கேள்வி: லிப்ரே ஆபீஸில் தலைப்புகள் அனைத்துக்கும் ஒரே இடத்தில் எழுத்துரு மாற்ற முடியுமா?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: முடியும், வேர்டைவிடச் சுலபமாக. எஃப்11 தட்டினால் ஸ்டைல் பட்டியல் வரும். அதில் எண் இல்லாத வெறும் ‘ஹெட்டிங்’தான் ஹெட்டிங் 1, 2, 3 எல்லாவற்றுக்கும் தாய். அதைத் திருத்தினால் போதும். இங்கும் தமிழுக்குத் தனி இடம்தான்: எழுத்துருப் பக்கத்தில் ‘காம்ப்ளெக்ஸ்’ பகுதி. அது தெரியாவிட்டால் டூல்ஸ், ஆப்ஷன்ஸில் மொழி அமைப்பைத் திறந்து ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’டை இயக்கிவிடுங்கள்.